பத்தாம் நாள் ராணி

கார்டு வந்தால் முதலில் அதன் மூலையைப் பார்த்த தலைமுறை நம்முடையது. மூலையில் மஞ்சள் இருந்தால் உள்ளே எடுத்துப்போய்ப் பெரியவர்களிடம் கொடுக்கலாம். தலைப்பில் ‘அசுபம்’ என்று இருந்தால் வாசற்படியிலேயே நின்று படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, நேரே குளிக்கப் போக வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு கார்டை வீட்டுக்குள் கொண்டுவந்து ஆறு நாள் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்தவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் வைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வயதிலேயே எனக்கு நாள் குறிக்கும் பழக்கம் உண்டு. கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் அன்றன்று நடந்ததைக் கிழமை போட்டு எழுதிவைப்பேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வருஷம் எழுதிய முதல் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அறுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் என்பது மட்டும் நிச்சயம். கிழமைகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன.

மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தை கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும்போதே தலைப்பின்னலை முடிப்பாள். மாடிப்படியில் அவள் ரிப்பன் கட்டும் வேகத்தை வைத்தே மணி சொல்லிவிடலாம்.

எங்கள் சபா வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். எழுதுவது, இயக்குவது, ராணியாக நடிப்பது எல்லாம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த பாங்க் மாமாதான். பதினோரு வருஷம் அவர்தான் கதாநாயகி. நாடகத்துக்கு முந்தின நாள் மீசையை எடுப்பார். அது மறுபடி வளரும்வரை பாங்க் கவுண்ட்டரில் தலை நிமிராமல் வேலை பார்ப்பார். அந்த வருஷம்தான் சபாவில் யாரோ, இனிப் பெண் வேஷத்துக்குப் பெண்களே வரட்டும் என்று பேச்சை எடுத்தார்கள். கை தூக்கியது என் அத்தை ஒருத்திதான்.

நாடகம், கல்லூரிக்காரர்கள் பாடமாகப் படிக்கும் ஒரு பழைய வெளிநாட்டுச் சோகக் கதை. பாங்க் மாமா அதைச் சேர நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு தளபதியின் மனைவி. தான் ராணியாக வேண்டும் என்ற ஆசையில், விருந்துக்கு வந்த அரசனைக் கொல்லக் கணவனைத் தூண்டுகிறாள். மாமாவின் தழுவலில் கத்தி கிடையாது. வெள்ளி டம்ளரில் விஷம் கலந்த பால். கடைசிக் காட்சியில் ராணி அந்த டம்ளரைத் தேய்த்துத் தேய்த்து, அது சுத்தமாகவே மாட்டேன் என்கிறது என்று புலம்ப வேண்டும். வெள்ளி டம்ளர் எங்கள் வீட்டுடையது. அம்மாவின் கல்யாணச் சீர்.

அப்பாவிடம் அத்தை அனுமதி கேட்ட நாள் நோட்டில் இருக்கிறது. அவளுக்கு ஜாம்ஷெட்பூரில் வரன் நிச்சயமாகித் தை மாதம் கல்யாணம்.

“அவா ஆத்துல இதெல்லாம் பிடிக்காது” என்றார் அப்பா.

“அதனாலதான் அண்ணா இப்போ கேக்கறேன். தைக்கப்புறம் நீங்க சரின்னாலும் ஆகாது. இந்த ஒரு தடவைதான். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை.”

“புருஷனைக் கெடுக்கற வேஷம்தானா கிடைச்சுது உனக்கு?”

“நல்லவ வேஷம் ஜன்மம் பூரா போடப்போறேனே!”

அப்பா சிரித்துவிட்டார். அதுதான் அனுமதி.

அன்று முதல் வீட்டில் ராணி நடமாடினாள். ரசத்துக்குப் பருப்பு கடையும்போது “நீர் கோழை!” என்பாள். அம்மா திரும்பிப் பார்த்து, “யாரை? உங்க அண்ணாவையா? கொஞ்சம் உரக்கச் சொல்லு” என்பாள். ஒத்திகையில் பாங்க் மாமா மட்டும் திருப்திப்படவே இல்லை. “ஆசை வரது உனக்கு. அது பிரமாதமா வரது. பண்ணின பாவம் மனசை அரிக்கறது பார், அதுதான் வரலை. நீ டம்ளர் தேய்க்கறதைப் பார்த்தா பத்துப்பாத்திரம் தேய்க்கறாப்பல இருக்கு. நான் எதுக்கும் புடவையை இஸ்திரி போட்டே வெச்சிருக்கேன்.”

அத்தை வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் அதே டம்ளரை எடுப்பாள். வரவில்லை. எனக்கே தெரிந்தது.

நாடகம் ஞாயிறு. அதற்கு முந்தின செவ்வாய் மதியம் கார்டு வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். அம்மா கோதுமை அரைக்கப் போயிருந்தாள். தபால்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அசுபம். பாலக்காட்டில் இருந்த ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை காலமானார், ஞாயிறு பத்து.

அவர் அப்பாவுக்குச் சித்தப்பா முறை, பங்காளி. தொண்ணூறு தாண்டியவர். அப்பா அவரை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் பங்காளி என்றால் பங்காளிதான். பத்து நாள் தீட்டு, வீடு முழுவதற்கும். கல்யாணம் ஆகாத அத்தைக்கும். தீட்டுக்காரி மேடையேற முடியாது. விளக்கேற்றி, தேங்காய் உடைத்துத் தொடங்கும் நாடகம். பாங்க் மாமாவின் இஸ்திரி போட்ட புடவை என் கண்முன் வந்தது.

எனக்கு ஒரு விதி தெரியும். அந்த வருஷ நவராத்திரியில் எதிர்வீட்டு மாமி கொலு நடுவே தந்தி வந்து எல்லாப் பொம்மைகளையும் இறக்கியபோது, அம்மாதான் வருத்தப்பட்டுச் சொன்னாள்: “நாலு நாள் கழிச்சு வந்திருக்கப்படாதோ அந்தத் தந்தி! காதுல விழறவரைக்கும் தீட்டு கிடையாது. விழுந்தப்புறம் மிச்ச நாள்தான்.”

காதில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே கார்டை வைத்தேன், முகவரி மேலே தெரியும்படி. பெட்டியை மூடியபிறகுதான் உறைத்தது. மற்றவர்கள் காதில் விழவில்லை. என் கண்ணில் விழுந்துவிட்டதே! தீட்டு எனக்கு மட்டும் வந்துவிட்டது. அதைச் சுமந்துகொண்டு நான் சமையலறைக்கும் சுவாமி அலமாரிக்கும் நடுவில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

கை கழுவினேன். போதவில்லை என்று தோன்றியது. அம்மா பித்தளைக்குப் போடும் புளியை எடுத்து, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன். தேய்த்துவிட்டு மோந்து பார்த்தேன். கார்டின் மை வாசனை போகாத மாதிரி இருந்தது. மறுபடி சுண்டுவிரல். எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் காலை எட்டு மணிக்கு நின்றுவிடும்; அதன்பிறகு எல்லாம் பிடித்து வைத்த தண்ணீர். நான் டிரம்மைக் காலி செய்வதைப் பார்த்த அம்மா, எனக்குச் சிரங்கு என்று முடிவு கட்டினாள். புதன் காலை விளக்கெண்ணெய், மாலை வேப்பிலைக் கஷாயம்.

நோட்டில் அந்த வாரம் இப்படி இருக்கிறது: “புதன் காலை. கார்டு திரும்பியிருக்கிறது. எழுத்து மேலே.” “வெள்ளி. முகவரி மேலே.” எலி என்று முதலில் நினைத்தேன். எலி பேப்பரைக் கடிக்கும், திருப்பி வைக்காது. பாலக்காட்டுப் பெரியவரே வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்ற முடிவுக்கு வந்தேன். அன்று இரண்டு தடவை கூடுதலாகக் கை கழுவினேன்.

வேறு சில விசித்திரங்களும் உண்டு. வியாழனன்று அம்மா சுவாமி விளக்கு ஏற்றவில்லை. “திரி தீர்ந்துபோச்சு” என்றாள். அலமாரியில் ஒரு கட்டுத் திரி இருந்தது. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். அந்த முழங்காலோடுதான் இரண்டு மாடி ஏறி இறங்கிக் காய்கறி வாங்கிவந்தாள். அப்பா கோவில் விபூதியைக் கொடுத்தவரிடம் “அப்புறம், அப்புறம்” என்று நழுவினார். என் பாவத்தால் வீட்டிலிருந்து தெய்வம் விலகிக்கொண்டிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை மதியம் கிரீடம் வாங்க அப்பாவோடு தாராவிக்குப் போனேன். மேடைச் சாமான் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் பட்டறை. தோல் அறுக்கும் கத்திகள், பசை வாசனை, கயிற்றில் தொங்கும் இரண்டு கேடயங்கள். கிரீடம் அட்டையில் செய்து, உள்ளே மெத்தென்று தோல் வைத்துத் தைத்தது. மேலே ஜிகினா.

“ஏ பிள்ள, அத அமுக்காத. காயலைல்லா” என்றார். பிறகு அப்பாவிடம், “ராணி யாரு சார்? எப்பவும் வார மீசைக்கார சார்தானா?”

“இல்லைப்பா. என் தங்கை.”

“அப்படியா! அந்த சாருக்குத் தல பெருசு. நல்லவேள சொன்னீய, அரை இஞ்சு குறைச்சிருதேன். ஆனா கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும் பாத்துக்கிடுங்க. ராணிக்குக் கிரீடம் வலிக்கணும். அப்பதான் மூஞ்சியில அந்தக் களை வரும்.” என்னைப் பார்த்து, “நீ என்ன மக்கா, கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்க? களவாண்டியா?” என்று சிரித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் ஒரு துண்டு ஜிகினாவை என் பின்னலில் ஒட்டிவிட்டார். அது பல நாள் என் பாடப் புத்தகத்தில் இருந்தது, பிறகு தொலைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கிரீடத்தை வாசலிலேயே நிறுத்தித் தண்ணீர் தெளித்தாள். தோல் பட்டறையிலிருந்து வந்ததாம். நெற்றி வியர்வையோடு அவ்வளவு அழகாகச் செய்து கொடுத்த மனிதரின் கை பட்டதற்கு, உடம்பெல்லாம் தீட்டோடு நின்ற நாங்கள் தண்ணீர் தெளித்தோம். இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்குத் தோன்றியது, என் கைக்கும் கொஞ்சம் தெளித்தால் தேவலையே என்பதுதான்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாடகம், ஒரு பள்ளிக்கூட ஹாலில். பாங்க் மாமா மீசை இல்லாமல் வந்து நின்றார். அத்தை பார்த்துவிட்டாள்.

“என்ன மாமா, மீசை?”

“அதுவா? மந்திரி வேஷத்துக்கு ஒட்டு மீசைதானே. ஒட்டு மீசை வாடகைக்குக் கிடைக்கும். மழிச்ச மூஞ்சி திடீர்னு வேணும்னா எங்கே கிடைக்கும்? உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வந்து தொலைச்சா?”

“எனக்கு ஒண்ணும் வராது. நீங்க போய் மீசையை ஒட்டிக்கோங்கோ.”

திரைக்குப் பின்னால் பிள்ளையார் படம், குத்துவிளக்கு. ராணிதான் முதல் திரி ஏற்ற வேண்டும் என்றார்கள். அத்தை இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினாள். “கையெல்லாம் அரிதாரம். நீங்களே ஏத்துங்கோ மாமா.” மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கற்பூரத் தட்டு வந்தபோது அப்பா ஹால் வாசலில் யாரிடமோ பஸ் நம்பர் விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா தலைகுனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் பாதியில் அத்தை ஆசையைக் காட்டினாள், ஜனங்கள் கைதட்டினார்கள். அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசிக் காட்சி வந்தது. எங்கள் வெள்ளி டம்ளரை எடுத்தாள். முந்தானையால் தேய்த்தாள். ஒத்திகையில் இருந்த மாதிரிதான். பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விட்டார்.

அப்போது அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அது வசனத்தில் இல்லை. தன் சுண்டுவிரலைப் பிடித்தாள். தேய்த்தாள். அடுத்த விரல். அடுத்தது. கட்டைவிரல்வரை போய், கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது, பெரிய ராணியின் முகம் இல்லை அது, மாட்டிக்கொள்ளப் போகிற ஒரு சின்னப் பெண்ணின் முகம். மறுபடி சுண்டுவிரல். ஒரு வசனமும் பேசவில்லை. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மேடை ஓரத்தில் பாங்க் மாமா, ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பாவம் பண்ணியவர்கள் எல்லோரும் சுண்டுவிரலிலிருந்துதான் தொடங்குவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆறரை மணிக்கு வீடு திரும்பினோம். அரிதாரம் கலையாத அத்தை கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து, கிரீடம் அழுத்திய நெற்றியைத் தடவிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். செம்பூரிலிருந்து பெரியப்பா வந்தார். அவரும் பங்காளி. உள்ளே வராமல் வாசற்படியில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

“ஒரு சமாச்சாரம். எல்லாரும் மனசைத் திடப்படுத்திக்கோங்கோ.”

“ஐயையோ, என்ன அண்ணா?” என்றார் அப்பா. அந்த ‘ஐயையோ’ கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது.

“பாலக்காட்டுலேர்ந்து கார்டு...”

“பாவம், தொண்ணூறு தாண்டினவர். கஷ்டப்படாம போனாரே, அதுவே பெரிசு” என்றாள் அம்மா.

“பத்து இன்னிக்கோட முடியறதில்லையா?” என்றாள் அத்தை.

பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். “நான் இன்னும் யாருன்னே சொல்லலையேடி!”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தாள். அப்பா மெதுவாகக் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே வரிசையாக நான்கு பக்கெட் தண்ணீர், விளிம்புவரை. காலை எட்டு மணிக்குக் குழாய் நிற்கிற வீட்டில், சாயங்காலம் ஆறரைக்கு நான்கு தலைக்குளியலுக்குத் தண்ணீர். மேலே கொடியில் நான்கு துண்டு.

“உனக்கு எப்போ தெரியும்?” என்று அம்மாவைக் கேட்டார் அப்பா.

“வியாழக்கிழமை. பட்டுப்புடவை எடுக்கறச்சே பெட்டியில பார்த்தேன். உங்களுக்கு?”

“புதன். இதோ, அண்ணாதான் ஆபீசுக்கு வந்து சொன்னார். நான்தான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து சொல்லச் சொன்னேன். மிச்ச நாள் இருக்காதே!”

அம்மா அத்தையைப் பார்த்து, “நீதான் ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நெனைச்சேன். வாயைத் திறக்காம அப்படியே வெச்சேன். திருப்பி வெச்சுட்டேனோ என்னவோ” என்றாள்.

நான் அங்கேயே விழுந்து அழுதேன். “நான்தாம்மா! நான்தான் ஒளிச்சேன்! எலி இல்லை!”

முதலில் சிரித்தது யார் என்று நோட்டில் இல்லை. அம்மாவாகத்தான் இருக்கும். பிறகு எல்லோரும். அத்தை சிரித்துக் கண்மை வழிந்து, கன்னமெல்லாம் கறுப்பு. பெரியப்பா மட்டும் வாசற்படியிலேயே நின்று, “சாவு சொல்ல வந்தா சிரிக்கறேளேடா, நன்னாருக்கா இது? அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பா?” என்று கத்திக்கொண்டிருந்தார், கடைசியில் அவருக்கும் தோள் குலுங்கியது. அப்பா கார்டை எடுத்துவந்து, வாசற்படியில் நின்று, அப்போதுதான் படிப்பவர்போல ஒரு தடவை படித்துவிட்டு நான்காகக் கிழித்தார். நாங்கள் வரிசையாகக் குளித்தோம். காலையிலிருந்து சில்லிட்டுக் கிடந்த தண்ணீர் பல்லைக் கிடுகிடுக்க வைத்தது. பெரியவருக்கு அதைவிட உற்சாகமான வழியனுப்பு எங்கும் நடந்திருக்காது.

தை மாதம் அத்தை ஜாம்ஷெட்பூர் போனாள். வெள்ளி டம்ளரை அம்மா அவள் பெட்டியில் வைத்தாள். அதற்குப் பிறகு அத்தை மேடையேறவே இல்லை. அடுத்த வருஷ ராணி பாங்க் மாமாதான். கொஞ்சம் சோர்வாக நடித்தார் என்று நோட்டில் இருக்கிறது.

இப்போது அத்தை இந்தப் பக்கமே திரும்பி வந்து, கோபர்கைரனேயில் பிள்ளையோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த வெள்ளி டம்ளரில்தான் காபி கொடுத்தாள். புதன், வெள்ளி வரிகளைப் படித்துக் காட்டினேன்.

“வியாழக்கிழமை அம்மா திருப்பினா, அதனால வெள்ளிக்கிழமை முகவரி மேலே. சரி. ஆனா புதன் காலையிலேயே எழுத்து மேலே இருந்ததே, அது யார்? அப்பா பெட்டியையே தொடலை. அன்னிக்கு எல்லாரும் சொன்னா. நீ மட்டும் எப்போ தெரியும்னு சொல்லவே இல்லை அத்தை.”

அத்தை என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

“செவ்வாக்கிழமை சாயங்காலம். ஆபீஸ்லேர்ந்து வந்தேன். நீ தண்ணி டிரம் பக்கத்துல கை தேய்ச்சுண்டிருந்தே. மூஞ்சியைப் பார்த்தேன், என்னமோ பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சுது. நீ தூங்கினப்புறம் பெட்டியைத் தேடினேன்.”

“அன்னிக்கேவா! நான் ஞாயித்துக்கிழமைவரைக்கும் செத்துண்டிருந்தேனே. ‘எனக்குத் தெரியும்டி, விடு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?”

“சொல்லத்தான் வந்தேன். புதன்கிழமையே வந்தேன். கதவுகிட்ட நின்னேன். நீ சுண்டுவிரல்லேர்ந்து ஆரம்பிச்சே. மோந்து பார்த்தே. மறுபடி ஆரம்பிச்சே.” அவள் குரல் தாழ்ந்தது. “சொன்னா நீ நிறுத்திடுவியேடி. எனக்கு இன்னும் சரியா வரலை. அஞ்சு நாளும் கதவோரத்துல நின்னு பார்த்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

“பாலக்காட்டுப் பெரியவருக்காக நான் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. அந்த விளக்கெண்ணெய்க்குத்தான். உங்கம்மா உன் வாயைப் பிளந்து ஊத்தறச்சே நான் டம்ளரைப் பிடிச்சுண்டு பக்கத்துலதான் நின்னேன்” என்றாள். “இந்த டம்ளர்தான்.”

“அன்னிக்கு ஹால்ல ஒருத்தர்கூட மூச்சு விடலையே அத்தை.”

“விடலை இல்ல?” சட்டென்று நிமிர்ந்தாள். எண்பது வயது முகத்தில் அந்த ராணி ஒரு கணம் எட்டிப் பார்த்தாள். “பாங்க் மாமா அழுதாரோன்னோ?”

“மீசை தொங்கத் தொங்க அழுதார்.”

அத்தை திருப்தியாகத் தன் காபியை ஆற்றினாள். நான் எழுந்து கை கழுவப் போனேன். பின்னாலிருந்து அவள் பார்ப்பது தெரிந்தது.

“இன்னும் அப்படியேதானா?” என்றாள்.

குனிந்து பார்த்தேன். வலது கை இடது சுண்டுவிரலைப் பிடித்திருந்தது.